காப் மலைக்கு அப்பால்

கரையோரக் கதைகளின் வரலாறு – 17

பரி என்றால் குதிரை என்றுதான் பத்து வயது வரை நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் சொல்லித் தந்த பொருள் அது. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலையும் அவர்தான் சொன்னார். ஆகவே கல்முனைக்குடியில் எங்கள் மூத்தம்மா கிஸ்ஸா படித்துப் பொருள் சொல்லும்போது, பரி வந்தது, பரி பறந்தது என்று கேட்டால் புறாவைப் போலச் செட்டை முளைத்த குதிரை ஒன்று என் கண்ணுக்குள் இறங்கும். அந்தக் குதிரைக்குக் கைவளையலும் காதில் அல்லுக்குத்தும் எதற்கு என்பதுதான் விளங்கவில்லை. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"குதிரையா? போடா மனே. அது பொம்புள. செட்ட உள்ள பொம்புள. கோகாப் மலையில ஒரு சனமே அப்படி இரிக்கி" என்றார் மூத்தம்மா.

சனம் என்ற அந்தச் சொல்தான் இந்த அத்தியாயத்துக்கு முதல். போன இதழில் பார்த்த ஜின்களை இந்தக் கரையில் யாரும் சனம் என்பதில்லை. ஜின் பிடிக்கும், ஜின் ஏறும், பாழ்வளவில் குடியிருக்கும். பரி அப்படியில்லை. பரிக்கு ஊர் உண்டு, ராசா உண்டு, கலியாணம் காட்சி உண்டு. நம்மைப் போன்ற இன்னொரு குடி, செட்டை மட்டும் கூடுதல். அவர்கள் இருக்கும் இடம் பனிக்கட்டி நாட்டின் வாசல்.

கோகாப் என்பதே இரண்டு சொல். பாரசீகத்தில் 'கோஹ்' என்றால் மலை. மலையின் பெயர் காப். நாம் அதற்குப் பின்னால் இன்னொரு மலையைச் சேர்த்து 'கோகாப் மலை' என்கிறோம். பழைய அரபு, பாரசீக உலகப் படத்தில் பூமியைச் சுற்றி வளைத்து நிற்கும் மரகத மலை அது. வானத்தின் நீலமே அந்த மலையின் நிழலாட்டம் என்றும் சொல்வார்கள். அதற்கு அப்பால் என்ன? ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்து, கி.பி. 1273இல் மறைந்த குர்ஆன் விரிவுரையாளர் குர்துபி ஒரு பழங்கதையை எடுத்தெழுதுகிறார். உலகைச் சுற்றி வந்த துல்கர்னைன் அரசர் காப் மலையிடமே போய்க் கேட்கிறார், உனக்குப் பின்னால் இருப்பது என்னவென்று. மலை பதில் சொல்கிறது: ஐந்நூறு ஆண்டு நடை நீளம், ஐந்நூறு ஆண்டு நடை அகலம், அத்தனையும் பனிமலைகள், ஒன்றையொன்று முட்டி நொறுக்கிக்கொண்டிருக்கின்றன, அந்தக் குளிர் மட்டும் இல்லையென்றால் நரகத்தின் சூட்டில் நானே கருகியிருப்பேன். ஜலாலுத்தீன் ரூமி தம் மஸ்னவியின் நான்காம் பாகத்தில் இதே சந்திப்பைப் பாடியிருக்கிறார்.

இதைக் கல்முனையில் இருந்து கேட்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் கரைக்குப் பனிக்கட்டி மீனோடுதான் வந்தது. ஐஸ் என்றால் பாளம் பாளமாக உமியில் புதைத்து வரும் சாமான். சூரைமீனின் செவுளில் அள்ளித் திணிப்பது. பிள்ளைகள் பொறுக்கிச் சப்பி ஏச்சு வாங்குவது. அதற்கு முந்திய தலைமுறைக்கு அதுவும் இல்லை. இலங்கையில் நுவரெலியாவில் சில தை மாதங்களில் விடியப்புறம் புல்லில் உறைபனி படிவதுண்டு. ஆனால் மருதமுனைச் சாரம் உடுத்த எத்தனை பேர் அந்த நேரத்தில் அங்கே போய் நின்றிருப்பார்கள்? பார்த்திராத பனியை மூத்தம்மா உப்பளத்தை வைத்துத்தான் எங்களுக்கு விளக்கினார். கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை, கால் வைத்தால் நொறுங்கும், ஆனால் சுடாது, கடிக்கும்.

பரி பிறந்த கதை பழையது. இஸ்லாத்துக்கு வெகுகாலம் முன்பு, ஈரானியரின் அவெஸ்தா வேதத்தில் 'பைரிகா' என்று வருகிறவர்கள் நல்லவர்கள் அல்லர். மயக்கிக் கெடுக்கும் சூனியக்காரிகள். காலம் போகப்போகப் பாரசீகக் கவிகளின் கையில் அவர்கள் அழகாகி, இரக்கம் கொண்டு, செட்டையும் முளைத்துப் பரியானார்கள். ஆங்கிலேயரின் 'ஃபேரி' இதிலிருந்து போன சொல் என்று பலர் எழுதுகிறார்கள். அது லத்தீன் வேரிலிருந்து வந்த வேறு சொல். இரண்டும் ஒலியில் ஒத்துப்போனது தற்செயல். அந்தத் தற்செயலால் ஐரோப்பியருக்கு நம் பரியைப் பிடித்துப்போனது வேறு விடயம்.

பரிகளின் நாட்டை ஒரு நாடாகவே கட்டி எழுப்பியது அமீர் ஹம்ஸா கதை. நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸாவின் பெயரைத் தாங்கி, அவருடைய உண்மை வாழ்க்கைக்குச் சம்பந்தமே இல்லாமல் பெருகிய கதை அது. பரிகளின் ராசா ஷாஹ்பாலுக்கு உதவ ஹம்ஸா காப் மலைக்குப் போகிறார். பதினெட்டு நாளில் திரும்பிவிடலாம் என்று போனவருக்குப் பதினெட்டு வருடம் ஆகிறது. ராசாவின் மகள் ஆஸ்மான் பரியை மணந்து, மனிதருடைய ஊரில் காத்திருக்கும் மனிசியை நினைத்து ஏங்கிக்கொண்டே அவர் அங்கே காலம் கழிக்கிறார். மத்திய கிழக்குக்குப் போய் இரண்டு வருடம் என்று சொல்லிப் பத்து வருடம் இருந்துவிட்டு வந்த ஆட்களை அறிந்த ஊர் எங்களது. இந்தக் கதையின் வலி எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முகலாயப் பேரரசர் அக்பருக்கு இந்தக் கதை பைத்தியம். 1560களில் தொடங்கிப் பதினைந்து ஆண்டு அளவில், துணியில் தீட்டிய சுமார் 1,400 பெரிய ஓவியங்களாக அதை எழுதுவித்தார். பெரும்பாலானவை அழிந்துபோயின, எஞ்சியவை உலகின் பல அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. கிழக்கே மலாய் நாட்டிலும் இக்கதை செல்வாக்காய் இருந்தது. 1511இல் போர்த்துக்கேயர் மலாக்காவைத் தாக்குவதற்கு முந்திய இரவு, போருக்கு நின்ற இளைஞர்கள் முஹம்மது ஹனபிய்யாவின் கதையைப் படிக்கக் கேட்க, சுல்தான் முதலில் அமீர் ஹம்ஸா ஏட்டை அனுப்பிவைத்தார் என்று மலாய் வரலாற்று ஏடு சொல்கிறது. அந்த ஹனபிய்யாவேதான் நம் சைத்தூன் கிஸ்ஸாவின் கதாநாயகர். கடலின் இரு கரையிலும் ஒரே ஆட்களின் கதை.

இனி இந்தச் சனத்தின் உண்மையான ஊருக்குப் போவோம். உண்மையான என்று சொல்வதில் பிழையில்லை. பரி நம்பிக்கையை மூச்சாகக் கொண்ட பனிநாடு இன்றும் இருக்கிறது. பாக்கிஸ்தானின் வடமுனையில், சித்ராலிலும் கில்கித்திலும் ஹுன்ஸாவிலும், பரிகள் கதைப் பாத்திரங்கள் அல்லர், அயலவர். சித்ரால் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் நிற்கும் திரிச் மீர் 7,708 மீற்றர். அதன் உச்சி பரிகளின் கோட்டை என்பது ஊர்வழக்கு. ஏறப் போகிறவர்களைத் தவளை உருவில் காவலர் மறிப்பார்கள் என்றும் சொல்வார்கள். 1950இல் நோர்வேக்காரர் குழு ஒன்று முதன்முதலாக அதில் ஏறியது. தலைமை தாங்கியவர் ஆர்னே நேஸ் என்ற மெய்யியலாளர். அவருக்கு அந்த மலையைப் பற்றிச் சொன்னவர் அங்கே மொழிகளை ஆராய்ந்த மொர்கன்ஸ்டீர்ன. ஒரு மெய்யியலாளரும் ஒரு மொழியியலாளரும் சேர்ந்து பரிக் கோட்டைக்கு வழி பிடித்தது எனக்குச் சிரிப்பாகவும் பொருத்தமாகவும் இருக்கிறது.

அந்த மலைநாட்டின் நம்பிக்கையில் எனக்குப் பிடித்த பகுதி ஆடுமாடு. மலை உச்சியில் திரியும் காட்டாடுகளான ஐபெக்ஸும் மார்க்கோரும் பரிகளின் பட்டி. நமக்கு வளர்ப்பு ஆடு எப்படியோ அவர்களுக்கு அவை அப்படி. வேட்டைக்காரன் தன் விருப்பத்துக்குப் போய் ஒன்றைச் சுட முடியாது. பரி மனமுவந்து விட்டுத்தந்த ஆடுதான் அவன் குறியில் வந்து நிற்கும். கீழே ஊர் தூய்மையற்றது, மேலே பனி தூயது. பசுவின் வாடை பரிக்கு ஆகாது. இரண்டு உலகத்துக்கும் இடையில் பேச ஒருவர் இருப்பார். ஜூனிப்பர் இலையைச் சுட்டு அந்தப் புகையை இழுத்து, மேளத்துக்கு ஆடி, பரி சொல்வதை வாயில் வாங்கிச் சொல்வார். ஹுன்ஸாவில் அவரைப் 'பித்தன்' என்கிறார்கள். நம் பித்தனோடு அதற்கு உறவு எதையும் யாரும் நிறுவவில்லை, நானும் கோரவில்லை. கேட்டதும் மனம் ஒரு கணம் நின்றது என்பது மட்டும் உண்மை.

இவை தமிழுக்கு எப்படி வந்தன? நமக்கு முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய இஸ்லாமியத் தமிழ் நூல் ஆயிரம் மசலா. வண்ணப் பரிமளப் புலவர் பாடி 1572இல் மதுரையில் அரங்கேற்றினார். மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம் நபியவர்களிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கும் அமைப்பு. அரபியிலிருந்து பாரசீகம், மலாய், ஜாவா மொழிகள், லத்தீன் வரை போன கேள்விப் புத்தகம் அது. வானம் எதன்மேல் நிற்கிறது, காப் மலை எதனால் ஆனது, அதற்கப்பால் என்ன என்பவை அந்த மரபின் பேர்போன கேள்விகள். பதினெட்டே ஆண்டு கழித்து 1590இல் ஆலிப்புலவரின் மிஃராஜ் மாலை வருகிறது. விண்ணேற்றக் கதைகளில் ஒரு மலக்கு உண்டு: உடம்பில் பாதி நெருப்பு, பாதி பனி, நெருப்பு பனியை உருக்காது, பனி நெருப்பை அணைக்காது. மார்கழி மழையில் குப்பி விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இதைவிட வேறு படம் வேண்டுமா?

கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா என்று அரபு பாரசீகப் பெயரோடு வந்த இந்த வகைகள் எல்லாம் மரக்கல வழியில் காயல்பட்டினம், நாகூரிலிருந்து இக்கரைக்கும் வந்து சேர்ந்தன. பல அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில், இருந்தன. தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத எங்கள் மூத்தம்மா அரபுத் தமிழை மளமளவென்று படிப்பார். அவரைப் படிப்பறிவில்லாதவர் என்று குடிசன மதிப்பு எடுக்க வந்தவர் எழுதிக்கொண்டு போனார்.

எங்கள் கரைக்கு அருகே பனிமலை இல்லை. இல்லாததால் மனம் பக்கத்து உயரத்தைப் பிடித்துக்கொண்டது: பாவா ஆதம் மலை. 2,243 மீற்றர். 1344இல் இப்னு பதூதா ஆரியச்சக்கரவர்த்தியிடம் கேட்டுக்கொண்டு போய் ஏறிய மலை. ஏறுவதற்கு அன்று இரண்டு வழி, ஒன்று பாவா பாதை, மற்றது மாமா பாதை. ஆதமுக்கும் ஹவ்வாவுக்கும் ஆளுக்கொன்று. சிங்களத்தில் அம்மலை சமனல கந்த, வண்ணத்துப்பூச்சி மலை. சமன் தெய்வத்தின் பெயரே அப்படித் திரிந்தது என்பாரும் உண்டு. பருவம் வந்ததும் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக மலைக்குப் போய் உச்சியிலுள்ள பாதச் சுவட்டில் விழுந்து சாகின்றன என்பது சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் சொல்வது. மூத்தம்மாவின் கணக்கில் அவையும் ஹாஜிமார்தான்.

கூட்டம் உண்மை. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1861இல் வெளியான இலங்கை உயிரியல் நூலில், மணிக்கணக்காக, சில வேளை நாட்கணக்காக, ஓயாமல் கடந்துபோகும் வண்ணத்துப்பூச்சிப் படைகளை எழுதியிருக்கிறார். கொன்றை, தகரை இனச் செடிகளில் புழுவாய் வளரும் இளமஞ்சள் பூச்சிகள் அவற்றில் அதிகம். ஆனால் பின்னாளில் பூச்சியியலாளர் பதிந்த திசைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. எல்லாம் மலைக்குப் போவதில்லை. காற்றும் பருவமும் இலையும்தான் வழிகாட்டி. 1880 முதல் 1887 வரை மூன்று பாகமாக வந்த ஃபிரெட்ரிக் மூரின் இலங்கைச் செதில்சிறகிகள் நூலுக்கு உயிரான படங்களை வரைந்தவர்கள் பேராதனைப் பூங்காவில் வேலை செய்த டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள். அந்தப் படங்களில் அந்துப்பூச்சியின் முகத்தை உற்றுப் பாருங்கள். உரோமம் போர்த்த சிறு மனிதமுகம் தெரியாவிட்டால் என்னைக் கேளுங்கள்.

உண்மையிலேயே உறைநாட்டில் வாழும் அந்துப்பூச்சியும் ஒன்று உண்டு. கிரீன்லாந்திலும் கனடாவின் வடமுனைத் தீவுகளிலும் உரோமக் கம்பளிப்புழு ஒன்று மாரிதோறும் விறைத்துக் கட்டியாகிவிடும். உடம்பில் கிளிசரோல் சுரந்து உயிரைக் காக்கும். கோடையில் சில வாரம் உருகித் தின்னும், மறுபடி உறையும். இப்படி ஏழு ஆண்டு. பிறகு செட்டை முளைத்து, சில நாள் பறந்து, முட்டையிட்டு முடிந்துவிடும். காப் மலைக்கு அப்பால் ஒரு சனம் வாழ்ந்தால் இப்படித்தான் வாழ வேண்டும். கிஸ்ஸா எழுதியவருக்கு இது தெரிந்திருந்தால் ஆஸ்மான் பரியின் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

பரி நமக்கு அயலார். விட்டிலோ நாமேதான். குர்ஆனின் 101ஆம் அத்தியாயம் அல்காரிஆ, மறுமை நாளின் மனிதரைச் சிதறிப் பறக்கும் விட்டில்களுக்கு ஒப்பிடுகிறது. 54ஆம் அத்தியாயத்தில் கப்றுகளிலிருந்து வெளிவருவோருக்கு உவமை வெட்டுக்கிளி. அரபியில் இரண்டும் வெவ்வேறு சொல். தமிழில் சில ஊர்களில் இரண்டுக்கும் விட்டில் என்றே பெயர் என்பதால், பயான் கேட்கும் நமக்கு இரண்டும் கலந்து ஒரே பூச்சியாகிவிட்டன. நெருப்பு மூட்டிய ஒருவர், அதில் வந்து விழும் விட்டில்களைத் தடுத்துக்கொண்டே இருக்கிறார். அவர் நான், விழுவது நீங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்ன உவமை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அங்கே விட்டில் புத்தியில்லாதது. 922இல் பக்தாதில் கொல்லப்பட்ட ஹல்லாஜும் அவருக்குப் பின் நிஷாப்பூரின் அத்தாரும் இதை அப்படியே கவிழ்த்துப் போட்டார்கள். அத்தாரின் கதையில் விட்டில்கள் கூடி, விளக்கு என்றால் என்னவென்று அறிந்துவர ஆள் அனுப்புகின்றன. ஒன்று தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறது. இன்னொன்று செட்டை கருகி வருகிறது. மூன்றாவது நெருப்புக்குள் புகுந்து நெருப்பின் நிறமாகிறது. அதற்குத்தான் தெரியும் என்கிறது தலைவர் விட்டில், ஆனால் அதனால் சொல்ல முடியாது.

பெரும்போகத்தில் வட்டைக்குக் காவல் போனவர்கள் இதை வாடியில் பார்த்திருப்பார்கள். லாம்பைக் கொளுத்தி வைத்துக் கொஞ்ச நேரத்தில் சாம்பலும் மஞ்சளுமாய்ப் பூச்சிகள் வந்து கண்ணாடியில் மோதும். மஞ்சளில் செட்டைக்கொரு கரும்புள்ளி இருந்தால் அது தண்டு துளைப்பானின் பெட்டை. எங்கள் வாப்பா அதைக் கண்டதும் அத்தாரை நினைக்கவில்லை, மறுநாள் மருந்துக்கு ஆகும் காசை நினைத்தார். வெளிச்சத்தின் மேல் அதற்குக் காதலும் இல்லையாம். பூச்சிகள் இரவில் வானம் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டிப் பறப்பவை. விளக்கை வானமென்று எண்ணி முதுகைத் திருப்பித் திருப்பியே சுற்றி மாட்டிக்கொள்கின்றன என்று 2024இல் ஆய்வாளர்கள் அதிவேகப் படம் பிடித்துக் காட்டினார்கள்.

கிஸ்ஸாவுக்கு வந்த கதியைச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. காப் மலைக் கதையை இஸ்ரவேலரின் கட்டுக்கதை என்று தள்ளியவர் நேற்றைய ஆளில்லை. 1373இல் மறைந்த இப்னு கதீர். அவருடைய தீர்ப்பு சரியானது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அது மார்க்கத்தைப் பற்றிய தீர்ப்பு. எங்கள் ஊர்களில் கடந்த நாற்பது ஐம்பது வருடங்களில் சிலர் அதைக் கதைக்கும் சேர்த்து எழுதிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, ஏடுகளை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். பரி இருப்பதாக மூத்தம்மா ஒருநாளும் ஈமான் கொள்ளவில்லை. படித்து முடித்ததும் "கதைதானே" என்று விளக்கை அணைத்துவிட்டு இஷாவுக்குப் போவார்.

மிஞ்சியதைக் கடல் கொண்டது. 2004 டிசம்பர் 26 காலை, மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது கரையில் ஆளே மிஞ்சாத வீடுகளில் ஏட்டைத் தேட யாருக்கு மனம் வரும்? எங்கள் பெட்டகம் நான்கு வளவு தள்ளி, மூடியில்லாமல், மணல் நிறைந்து கிடைத்தது.

ஓதாத பழைய ஏட்டை மரியாதைக்காக மண்ணில் புதைப்பதும் கடலில் விடுவதும் நம் வழக்கம். உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டகத்திலோ அரபுத் தமிழில் ஒரு கிஸ்ஸா கிடந்தால், அதைச் செய்வதற்கு முன் பக்கம் பக்கமாகப் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். முதல் பக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

(தொடரும்)